கான்சாஸில் இருந்ததே 2 அடிமைகள், அப்புறம் எதற்கு அத்தனை ரத்தம்?

ஏரிக்கரையான்

பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே வரி: அடிமை முறையை ஒழிக்க லிங்கன் போர் நடத்தினார். இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி வாசிக்க வாசிக்க அந்த வரி ஒட்ட மாட்டேன் என்கிறது. 1860 தேர்தலில் லிங்கன் கட்சி சொன்னது இதுதான்: அடிமை முறை ஏற்கனவே உள்ள மாநிலங்களில் கை வைக்க மாட்டோம், இன்னும் மாநிலமாகாத புதிய பிரதேசங்களுக்கு அது பரவ விடமாட்டோம்.

சரி, அந்தப் புதிய பிரதேசங்களில் எத்தனை அடிமைகள்தான் இருந்தார்கள் என்று 1860 மக்கள்தொகைக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். கான்சாஸ் 2 பேர். நெப்ராஸ்கா 15. யூட்டா 29. அதே கணக்கெடுப்பில் தெற்கு மாநிலங்களில் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர்.

40 லட்சம் பேர் இருக்கும் இடத்தைத் தொடமாட்டேன் என்கிறார் ஒருவர். 46 பேர் இருக்கும் காலி நிலத்துக்காக நாட்டை உடைக்கிறார்கள் தெற்கத்தியர்கள். இதில் எங்கோ எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பொருநைக்காரன்

அந்த 46 பேருக்காக யாரும் சண்டை போடவில்லை. அங்கே இனி யார் குடியேறுவார்கள், அந்த நிலம் மாநிலமானால் மேலவையான செனட்டில் யார் பக்கம் கை தூக்கும் என்பதுதான் வழக்கு.

1819 முடியும்போது அமெரிக்காவில் 22 மாநிலங்கள். அடிமை முறை உள்ளவை 11, இல்லாதவை 11. மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் மாநிலத்துக்கு 2 செனட்டர்கள். கீழவையில் தலைக்கணக்கு என்பதால் அங்கே வடக்கின் கை ஓங்கிவிட்டது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ள அரசியல் சாசனமே தெற்குக்குச் சலுகை கொடுத்திருந்தது, அப்படியும் எட்டவில்லை. (அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவன் தலையைக் காட்டி எஜமானுக்கு நாடாளுமன்ற இடம் கிடைக்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களின் மூளையே மூளை.) ஆக, தெற்குக்கு மிஞ்சிய அரண் செனட்.

அந்த நேரம் பார்த்து மிசௌரி மாநில அந்தஸ்து கேட்டது. நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மாட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மிசௌரிக்குப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, இனி பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை. கீழவை ஏற்றது, செனட் தள்ளியது. 1820 இல் பேரம் படிந்தது. மிசௌரி அடிமை மாநிலம், அதற்கு ஈடாக மெய்ன் சுதந்திர மாநிலம், அதாவது அடிமை முறை இல்லாதது. லூசியானா நிலத்தின் (பிரான்ஸிடம் வாங்கிய, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள பெரும்பரப்பு) மீதிப் பகுதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கிடையாது.

இதைக் கேட்டுப் பதறியவர் யார் தெரியுமா? 1803 இல் நெப்போலியனிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு அந்த லூசியானாவை வாங்கிய முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சன். நடு இரவில் அடிக்கும் தீ மணி போல இந்தச் செய்தி தன்னை எழுப்பிவிட்டது என்று 77 வயதில் ஒரு கடிதத்தில் எழுதினார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பேரம் ஒரு தலைமுறை ஓடியது. ஆனால் அது லூசியானா நிலத்துக்கு மட்டுமான பேரம். புதிதாக நிலம் சேரும் ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1845 இல், முன்பு மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சாஸ் சேர்ந்தது. மெக்சிகோ 1829 இலேயே அடிமை முறையை ஒழித்திருந்தது. அங்கே அடிமைகளோடு குடியேறிய அமெரிக்கர்கள்தான் 1836 இல் பிரிந்து தனி நாடானவர்கள். டெக்சாஸ் சேர்ந்த அடுத்த வருடமே மெக்சிகோவுடன் போர். போர் தொடங்கி மூன்று மாதத்துக்குள், ஆகஸ்ட் 1846 இல், பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட், மெக்சிகோவிடமிருந்து பிடிக்கும் எந்த நிலத்திலும் அடிமை முறை கூடாது என்று ஒரு நிபந்தனையை நீட்டினார். நிலம் இன்னும் கைக்கு வரவே இல்லை, பங்குச் சண்டை வந்துவிட்டது!

அந்த வாக்கெடுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. அதுவரை நாடாளுமன்றம் விக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்றுதான் பிரிந்து வாக்களிக்கும். அன்றைக்கு வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. கீழவையில் நிறைவேறியது, செனட்டில் படுத்தது. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள், திரும்பத் திரும்ப அதே கதை.

ஒற்றைப்பனை

எல்லாரும் அடிமை முறை, அடிமை முறை என்றே சுற்றி வருகிறீர்கள். 1832 இல் தென் கரோலினா மத்திய அரசோடு மல்லுக்கு நின்றது இறக்குமதி வரிக்காக. வடக்கின் ஆலைகளைக் காப்பாற்ற வரி போட்டால், இங்கிலாந்துக்குப் பருத்தி விற்று அங்கிருந்து சாமான் வாங்கும் தெற்கு எதற்கு அழ வேண்டும்? அப்புறம், தெற்கு வெள்ளையர் குடும்பங்களில் சுமார் கால் பங்குதான் அடிமைகளை வைத்திருந்தது. மீதி முக்கால் பங்கு எதற்காகத் துப்பாக்கி தூக்கியது? மாநில உரிமைதான் அடிப்படைப் பிரச்சினை, அடிமை முறை அதன் ஓர் உதாரணம் மட்டுமே என்பது என் கருத்து.

மின்மினி

ஒற்றைப்பனை அண்ணா, மாநில உரிமை என்றாலே நமக்கு ஒரு பாசம் வருகிறது, அது புரிகிறது. ஆனால் 1850 களில் மாநில உரிமை பேசியது யார் என்று பாருங்கள்.

1850 சமரசத்தில் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது. கணக்கு 16க்கு 15 ஆகி, தெற்கின் செனட் அரண் உடைந்தது. ஈடாகத் தெற்குக்குக் கிடைத்தது, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் புதிய சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பைச் சொல்ல உரிமை கிடையாது. வழக்கைக் கேட்கும் ஆணையர், "இவன் அடிமைதான்" என்று திருப்பி அனுப்பினால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. வழிப்போக்கரையும் துரத்திப் பிடிக்க உதவச் சொல்லி அதிகாரி கட்டளையிடலாம்.

மே 1854, பாஸ்டன். வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் தப்பி வந்து, அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த ஆண்டனி பர்ன்ஸ் பிடிபடுகிறார். மீட்கப் போன கூட்டம் நீதிமன்றக் கதவை உடைக்கிறது, ஒரு காவலர் சாகிறார். கடைசியில் ஒரே ஒரு மனிதரைத் துறைமுகம் வரை நடத்திக்கொண்டு போக ராணுவத்தையும் பீரங்கியையும் இறக்குகிறார்கள். தெருவின் இரு பக்கமும் சுமார் 50,000 பேர். கடைகளில் கறுப்புத் துணி, ஜன்னலிலிருந்து ஒரு சவப்பெட்டி தொங்குகிறது. அதுவரை அடிமை எதிர்ப்பாளர்களைத் தொல்லை என்று நினைத்த ஆமோஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் பணக்காரர் எழுதினார்: இரவு பழைய மிதவாதிகளாகப் படுத்தோம், காலையில் வெறிபிடித்த அடிமை ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்று.

இதற்குப் பிறகு வடக்கு மாநிலங்கள் என்ன செய்தன? தங்கள் சிறைகளையும் அதிகாரிகளையும் இந்த வேலைக்குத் தரமாட்டோம் என்று சட்டம் போட்டன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டமே செல்லாது என்றது. அசல் மாநில உரிமை! தெற்கு அதைக் கொண்டாடியதா? டிசம்பர் 1860 இல் தென் கரோலினா வெளியிட்ட பிரிவினை அறிக்கையை வாசியுங்கள். வடக்கு மாநிலங்கள் இப்படிச் சட்டம் போட்டு அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் அதில் பெரிய புகார். வரியைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

அந்த முக்கால் பங்கு விஷயம்: சொந்தமாக அடிமை இல்லாதவன் வாடகைக்கு எடுப்பான், நாளைக்கு ஒன்று வாங்கலாம் என்று நினைப்பான். எதுவும் இல்லாவிட்டாலும் தான் கடைசிப் படியில் இல்லை என்ற நிம்மதி அவனுக்கு உண்டு. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாழம்பூ

நான் கான்சாஸ் சிட்டி பக்கம் சில வருடங்களாக இருக்கிறேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில் அந்த "2 அடிமைகள்". 1855 இல் கான்சாஸ் பிரதேசத்தில் எடுத்த கணக்கில் சுமார் 200 அடிமைகள் இருந்தார்கள். 1860 இல் 2 ஆனதற்குக் காரணம், நடுவில் நடந்த சண்டையில் அடிமை முதலாளிகள் தோற்றதுதான். சொத்து பறிபோகும் என்று தெரிந்தால் யார் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள்? நிலத்துக்கு அவசியமில்லாததால் அடிமை முறை வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்து மிசௌரியில் ஆற்றங்கரை நெடுக சணலும் புகையிலையும் அடிமைகளை வைத்துத்தான் விளைந்தன. 1860 இல் அந்த மாநிலத்தில் லட்சத்துக்கு மேல் அடிமைகள்.

மிசௌரிக்காரனின் பயமும் அதுதான். கிழக்கே இல்லினாய், வடக்கே அயோவா, இரண்டிலும் அடிமை முறை இல்லை. மேற்கே கான்சாஸும் அப்படியே ஆகிவிட்டால் மூன்று பக்கமும் ஓடுவதற்கு வழி திறந்துவிடும்.

இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்குச் சிகாகோவிலிருந்து மேற்கே ரயில்பாதை வேண்டும். பாதைக்குப் பிரதேச அரசு வேண்டும், அதற்குத் தெற்கின் வாக்குகள் வேண்டும். விலையாக 1820 இல் போட்ட எல்லைக்கோட்டை அழித்துக் கொடுத்தார். மே 1854 இல் வந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தின் சாரம், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

மார்ச் 1855 இல் தேர்தல். வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,000க்கு மேல். மிசௌரியிலிருந்து கத்தி, துப்பாக்கி, விஸ்கியோடு கூட்டம் கூட்டமாக ஆற்றைத் தாண்டி வந்து போட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பினார்கள். கள்ள ஓட்டில் நம்மவர்கள்தான் கில்லாடி என்ற பெருமையை விட்டுவிடலாம். அப்படி வந்த சட்டசபை, அடிமை முறைக்கு எதிராகப் பேசுவதே குற்றம் என்று சட்டம் போட்டது. எதிர்த் தரப்பு டொபீகா என்ற ஊரில் தனி அரசு அமைத்தது. நியூ இங்கிலாந்திலிருந்து அவர்களுக்கு ரைபிள்கள் வந்தன. ஹென்றி வார்ட் பீச்சர் என்ற பாதிரியார் அதற்கு ஆதரவாகப் பேசியதால் அவற்றுக்குப் "பீச்சர் பைபிள்" என்றே பெயர்.

இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் லாரன்ஸ் ஊர். நடுத் தெருவின் பெயர் மாசசூசெட்ஸ் தெரு. குடியேறியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பெயரிலேயே தெரியும். அந்தத் தெருவில் எல்ட்ரிட்ஜ் என்று ஒரு ஹோட்டல். அதே இடத்தில் இருந்த "சுதந்திர மாநில ஹோட்டல்" மீது மே 21, 1856 அன்று அடிமை முறை ஆதரவாளர்கள் பீரங்கியால் சுட்டார்கள். கல் சுவர் அசையவில்லை, வெடிமருந்து வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை, கடைசியில் தீ வைத்தார்கள். மறுநாள் வாஷிங்டனில், கான்சாஸைப் பற்றி அடிமை முறையை எதிர்த்து இரண்டு நாள் கடுமையாகப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, தென் கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் மண்டை உடைய அடித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து இரவில், அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுன் தன் ஆட்களோடு பொட்டவாடமி ஓடைப் பக்கம் எதிர்த் தரப்பினர் 5 பேரை வீட்டிலிருந்து இழுத்து வந்து வாளால் வெட்டிக் கொன்றார். எல்லாம் ஒரே வாரம்.

சம்னர் செனட்டுக்கு முழுதாகத் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. புரூக்ஸ் பதவியை ராஜினாமா செய்தார், சொந்தத் தொகுதி அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. உடைந்த கைத்தடிக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன.

இன்னொன்று. ஏரிக்கரையான் "காலி நிலம்" என்று எழுதியிருக்கிறார். காலி இல்லை. ஷானி, டெலவேர், கிக்கப்பூ மக்களைக் கிழக்கே இருந்து துரத்தி, இனி இது நிரந்தரமாக உங்களுடையது என்று சொல்லி உட்கார வைத்த நிலம் அது. 1854 இல் புது ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கி அதையும் பிடுங்கினார்கள். அடிமை முறை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அந்த நிலத்தில்தான் கொட்டகை போட்டார்கள்.

சோளக்கொல்லை

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. 1840 களில் அமெரிக்கப் பருத்தியை நம்பியிருப்பது ஆபத்து என்று கிழக்கிந்தியக் கம்பெனி தெற்கிலிருந்து தோட்ட அனுபவம் உள்ளவர்களை இந்தியாவுக்குக் கூட்டி வந்தது. எங்கள் கோயம்புத்தூரிலும் சோதனைப் பண்ணை நடந்தது, பொறுப்பில் தாவரவியலாளர் ராபர்ட் வைட். அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் போர் வந்து அங்கிருந்து பருத்தி நின்றதும் இங்கே விலை எங்கோ போய்விட்டது.

நெறியாளர்

சோளக்கொல்லை, இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், பலரும் எழுதுவார்கள். போர்க்கள உத்திகளைப் பற்றிய நான்கு பதிவுகளையும் வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே போருக்கு முந்தைய காலம் மட்டும்.

ஏரிக்கரையான்

தாழம்பூ, "காலி" என்பதற்குச் சரியாகக் கொட்டு வைத்தீர்கள். இப்போது படம் தெளிகிறது. ஆனால் செனட் கணக்கு மட்டுமே காரணமா? தெற்கு ஏன் தன் 15 மாநிலங்களோடு திருப்தியாக இருந்திருக்கக் கூடாது? இன்னொன்று, வடக்கின் மனசாட்சி அவ்வளவு சுத்தமா?

பொருநைக்காரன்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. சுத்தம் இல்லை. வில்மட்டே வெளிப்படையாகச் சொன்னார், தனக்கு அடிமைகள் மீது உருக்கமெல்லாம் இல்லை, வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்று. டொபீகாவில் சுதந்திர மாநிலம் கேட்டவர்கள், கறுப்பர்கள் யாரும், விடுதலை பெற்றவர்கள்கூட, உள்ளே வரக்கூடாது என்று வாக்களித்தார்கள். ஓரிகன் 1857 இல் அதையே தன் சாசனத்தில் எழுதிவைத்தது. அடிமையோடு போட்டி போட்டுக் கூலி வாங்க முடியாது, பெரிய தோட்டக்காரன் நல்ல நிலத்தை வளைத்துவிடுவான் என்ற பயம் சாதாரண வடக்கத்தியானை அசைத்த அளவுக்கு, அடிமையின் துயரம் அசைக்கவில்லை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் போன்றவர்கள் தொண்டை வற்றப் பேசியும் அப்படித்தான். லிங்கனின் குடியரசுக் கட்சி வேகமாக வளர்ந்ததற்கு இந்த நில ஆசை ஒரு பெரிய காரணம்.

முதல் கேள்விதான் கனமானது. தெற்கில் அடிமை என்பது உழைப்பு மட்டுமில்லை, மூலதனம். 1860 இல் அடிமைகளின் சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலர். நாட்டின் ரயில்பாதைகளையும் ஆலைகளையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது. அவர்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள், அந்தக் கடனில் நிலமும் இன்னும் ஆட்களும் வாங்கினார்கள். அந்த விலை எப்படி நின்றது? புது நிலம் திறந்துகொண்டே இருந்ததால்.

வர்ஜீனியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் ஓய்ந்துவிட்டது. 1808 இல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி தடையானது. ஆனால் 1830 களில் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பியில் செரோக்கி, கிரீக், சாக்டா மக்களைத் துரத்திவிட்டுக் கைப்பற்றிய கரிசல் மண்ணில் பருத்தி கொழித்தது. ஆக, வர்ஜீனியாவின் முக்கிய விளைபொருளே மனிதர்களாகிப் போனார்கள். 1790 முதல் 1860 வரை ஏறக்குறைய 10 லட்சம் பேரை வர்ஜீனியா போன்ற மேல் தெற்கிலிருந்து அலபாமா போன்ற கீழ்த் தெற்குக்கு விற்றோ கொண்டுபோயோ இருக்கிறார்கள். சங்கிலியில் இரண்டிரண்டு பேராகக் கோத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால். நியூ ஆர்லியன்ஸ் ஏலக் கூடத்தில் 1850 களின் கடைசியில் திடமான இளைஞனின் விலை 1,500 டாலரைத் தாண்டியது. புது நிலம் அடைபட்டால் இந்தச் சந்தைக்கு என்ன ஆகும் என்று வர்ஜீனியா முதலாளிக்கும் தெரியும், அலபாமா முதலாளிக்கும் தெரியும்.

இதோடு பயமும் சேர்ந்தது. 1860 இல் தென் கரோலினாவில் 100க்கு 57 பேர் அடிமைகள், மிசிசிப்பியில் 55 பேர். எல்லை மூடிக்கொண்டு இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அடிமைகள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைப் பிடித்த ஹைட்டி போல எங்கள் ஊரும் ஆகிவிடும் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். வடக்கில் சிலரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள்: நெருப்பு வளையத்தில் மாட்டிய தேள் தன்னையே கொட்டிக்கொள்ளும், சுற்றி வளைத்தால் போதும் என்று. "பரவ மட்டும் விடமாட்டோம்" என்ற லிங்கனின் பேச்சு வடக்கில் மிதவாதமாகவும் தெற்கில் மரண ஓலையாகவும் கேட்டதற்கு இதுதான் காரணம். இரண்டு பேரும் சரியாகத்தான் கேட்டார்கள் என்பேன்.

மின்மினி

நடுவில் நீதிமன்றம் வேறு எண்ணெய் ஊற்றியது. மார்ச் 6, 1857, டிரெட் ஸ்காட் வழக்கு. எஜமானோடு, அடிமை முறை இல்லாத இல்லினாயிலும் விஸ்கான்சின் பிரதேசத்திலும் வாழ்ந்த அடிமை அவர், அதனால் விடுதலை கேட்டார். தலைமை நீதிபதி டேனி சொன்னது: கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது, அதனால் வழக்கே போட முடியாது, பிரதேசங்களில் அடிமை முறையைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை. அதாவது அப்போதுதான் பிறந்திருந்த குடியரசுக் கட்சியின் மூலக் கொள்கையே சட்டவிரோதம். பிரச்சினையைத் தீர்த்துவைத்துவிட்டதாக நீதிபதிகள் நினைத்திருக்கலாம்.

ஏரிக்கரையான்

கடைசியாக ஒன்று. 1860 டிசம்பரில்கூட ஒரு சமரசம் பேசினார்களே, கென்டக்கி செனட்டர் கிரிட்டெண்டன் கொண்டுவந்தது. 1820 எல்லைக்கோட்டைக் கலிபோர்னியா எல்லை வரை இழுத்துவிட்டால் போதும் என்று. லிங்கன் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? தென்மேற்குப் பாலைவனத்தில் யார் போய்ப் பருத்தி போடப்போகிறார்கள்? கொடுத்திருந்தால் 6 லட்சத்துக்கு மேல் உயிர்கள் தப்பியிருக்குமே.

பொருநைக்காரன்

அந்தத் திட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. கோட்டுக்குத் தெற்கே இப்போது உள்ள நிலத்துக்கு மட்டுமல்ல, இனிமேல் சேரப்போகும் நிலத்துக்கும் அது பொருந்தும். கோட்டுக்குத் தெற்கே இனிமேல் எது சேரும்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கியூபா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா.

இது வெறும் கற்பனை இல்லை. 1848 இல் ஜனாதிபதி போல்க் கியூபாவுக்கு 10 கோடி டாலர் வரை விலை பேசச் சொன்னார். 1854 இல் ஐரோப்பாவில் இருந்த மூன்று அமெரிக்கத் தூதர்கள் சேர்ந்து, ஸ்பெயின் விற்க மறுத்தால் கியூபாவைப் பறிப்பதில் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவரான புக்கானன் இரண்டு வருடத்தில் ஜனாதிபதியாகத் தேர்வானார். டென்னசியில் பிறந்த வில்லியம் வாக்கர் ஒரு சிறு கூட்டத்தோடு நிகராகுவாவுக்குப் போய், 1856 இல் அங்கே ஜனாதிபதியாகி, ஒழிந்துபோன அடிமை முறையைத் திரும்பவும் சட்டமாக்கினார். 1860 இல் ஹோண்டுராஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

லிங்கன் டிசம்பரில் தன் கட்சிக்காரருக்கு எழுதினார், மற்றதில் எப்படியோ, அடிமை முறை பரவும் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம் என்று. ஜனவரியில் இன்னொரு கடிதம்: இப்போது விட்டுக்கொடுத்தால் ஒரு வருடம் ஆகாது, கியூபாவைப் பிடித்துக் கொடுத்தால்தான் உள்ளே இருப்போம் என்பார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஒற்றைப்பனை

கியூபா, நிகராகுவா விவரங்களுக்கு நன்றி, வாக்கர் கதை எனக்குப் புதிது. ஆனால் வரி விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. இறக்குமதி வரியை உயர்த்திய மோரில் வரிச் சட்டம் போரை எப்படித் தூண்டியது என்று தனி இழை தொடங்குகிறேன், எல்லாரும் அங்கே வாருங்கள்.

மின்மினி

கட்டாயம் வருகிறோம் அண்ணா. மோரில் சட்டம் கையெழுத்தானது மார்ச் 2, 1861. அதற்கு ஒரு மாதம் முன்பே 7 மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. அவர்கள் செனட்டர்கள் எழுந்து போனதால்தான் அது செனட்டில் அவ்வளவு சுலபமாக நிறைவேறியது. இந்தத் தேதியை உங்கள் முதல் பதிவிலேயே போட்டுவிடுங்கள், எனக்கு வேலை மிச்சம்.